மாட்ட ஓர் ஆணி

கௌஷிக்கின் பதில் வந்தபோது வேதவல்லி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினி சாப்பாட்டு மேசையிலேயே திறந்து கிடந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போதைக்குப் போட முடியவில்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். திறக்காமலே தெரிந்த பதில்தான். மறுப்பதிலும் அந்தப் பையனிடம் ஒரு மரியாதை இருந்தது. கோபித்துக்கொள்ளக்கூட இடம் தராத மரியாதை.

கௌஷிக் மும்பையில் ஒரு வணிக நாளிதழின் கருத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன், திருச்சிக்காரன். வேதவல்லி செகந்திராபாத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவள். கூட்டுறவு வங்கிகளைப் பற்றியும் சில்லறைக் கடைக்காரர்களின் வரிச் சிக்கலைப் பற்றியும் அவள் எழுதியவை அந்தப் பக்கத்தில் முன்பு வந்திருக்கின்றன. அப்போது கணவர் சுதர்சன் இருந்தார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "லெக்சரர் அம்மா சொல்லிட்டாங்க, இனிமே டில்லில ஒருத்தனுக்கும் தூக்கம் வராது" என்பார். சிரித்துவிட்டுக் கடைசி வரி வரை படிப்பார்.

ஊரை ஒட்டிய நாச்சாரத்தில் மருந்து மூலப்பொருள் செய்யும் ஒரு சின்ன ஆலையில் அவர் ஷிப்ட் பொறுப்பாளர். மருந்துத் தூளை உலர்த்தும் டிரையர் வெடித்ததில் போய்விட்டார். அந்த டிரையருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் கொடுத்தவர்கள் ஆலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களுக்குக் கூலி கொடுத்ததும் ஆலை முதலாளிதான். சுதர்சனுக்குக் கீழே வேலை பார்த்த இர்பான்தான் காரியங்கள் எல்லாம் முடிந்தபின் வந்து இதைச் சொன்னான். சோதிக்கப்படுகிறவனே சோதிக்கிறவனுக்குக் கூலி கொடுத்தால் அந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம்? கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான். சுதர்சனைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

முதல் தடவை அனுப்பியபோது கௌஷிக் போனில் கூப்பிட்டான். "ஆர்டிகிள் ஸ்ட்ராங்கா இருக்கு மேடம். பெக்தான் இல்ல. சட்டைய மாட்டணும்னா செவுத்துல ஒரு ஆணி வேணுமில்லையா? இத இன்னிக்கு ஏன் போடறோம்னு எங்க எடிட்டர் கேப்பார்."

நாச்சாரத்திலேயே ஒன்று நடந்ததே என்றாள். அது போன வருஷம் மேடம் என்றான். அதில் செத்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அதுவே ஆணியாகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விதவை எழுதுகிறார் என்று ஒரு வரி, ஓரத்தில் சுதர்சனின் படம். கட்டுரையைப் படிக்காமலே நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். அவரை ஆணியில் மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த கௌரவம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஆணி தேடுவதே வேலையாயிற்று. பட்ஜெட் வந்தது, தொழிலாளர் சட்டத் திருத்தம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முதல் பத்தியை மாற்றி அனுப்பினாள். தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு நிச்சயம் போடுவார்கள் என்றிருந்தாள். அந்த இடத்தில் ஒரு கம்பெனித் தலைவர், முதலாளிகளை அரசு நம்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்ல ஆங்கிலம். "அம்மா, வதிலெய். எவரு சதுவுதாரு?" என்றாள் மகள் வர்ஷினி. தமிழில் கேட்டாலும் அவளுக்குத் தெலுங்கில்தான் பதில் வரும். எப்படி விடறது, யாராவது ஒருத்தர் படிப்பாங்க என்றாள் வேதவல்லி.

அவரைக்காயைத் தாளித்துக்கொண்டிருக்கும்போது இர்பான் கூப்பிட்டான். இப்போது நாச்சாரத்திலேயே வேறு கம்பெனியில் இருக்கிறான். அம்மா ஆம்பூர்க்காரி என்பதால் அவனுக்கு வீட்டில் தமிழ்தான். அண்ணி என்பதை மட்டும் உருதுவில் பாபி என்பான்.

"பாபி, எங்க பக்கத்து கம்பெனில டிரையர் போயிடுச்சு. ரெண்டு பேர் அங்கயே முடிஞ்சிட்டாங்க. ஒரு பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். நான் இங்கதான் நிக்கிறேன்."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல. என்னவென்று அவளுக்கே உடனே தெரிந்தது. அடுப்பை அணைத்தாள். கரண்ட் பில்லைத் திருப்பிப்போட்டுப் பேனாவை எடுத்தாள். அதே மாதிரி டிரையரா? சான்றிதழ் இருந்ததா? கொடுத்தது எந்த ஏஜென்சி, ஆள் வந்து பார்த்தார்களா? இர்பான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பாபி, செத்தது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே."

பேனா நின்றது. "சொல்லுப்பா," என்றாள்.

"நக்கோ பாபி, வேணாம். அப்புறம் பேசலாம்."

திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் மடிக்கணினியை இழுத்து கௌஷிக்குக்கு நாலு வரி எழுதினாள். அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் போன் வந்தது.

"மேடம், டைமிங் பர்ஃபெக்ட்." தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவன் போல அவன் சற்று நிறுத்தினான். "இல்ல, ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா நாளைக்கே போட்டுடலாம். டாகுமெண்ட ஷேர் பண்றேன், அதுலயே எழுதிடுங்க. எத்தனை பேர்னு மட்டும் போடாதீங்க, அது மாறிக்கிட்டே இருக்கும். ரெண்டு எக்ஸ் போட்டு விடுங்க, கடைசில நாங்க நிரப்பிக்கறோம்."

சரி என்றாள். "நீங்க முன்னாடியே எழுதி வச்சிருந்தது நல்லதாப் போச்சு," என்றான். அதற்கும் சரி என்றாள்.

புதிதாக எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. பேப்பர் நாளைக்கு வருவதால் இன்று நடந்தது நேற்று ஆகிவிட வேண்டும். நேற்று நாச்சாரத்தில் எக்ஸ் எக்ஸ் பேர் உயிரிழந்தார்கள் என்று ஆங்கிலத்தில் அடித்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்து அந்த இடம் காலியாக இருந்தது. சுதர்சன் போன அன்றைக்கும் எந்த ஊரிலோ எந்த மேசையிலோ ஒரு கட்டுரை தயாராகக் காத்திருந்திருக்கும். செய்தி கேட்டதும் எழுதியவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அவனும் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

இர்பானைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள்.

"சுப்ரியா. லேப்ல இருந்துச்சு. போன மாசம்தான் சேந்துச்சாம். அவங்கம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எழுதப்போறீங்களா பாபி?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்."

பின்னால் யாரோ தெலுங்கில் டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போன் வைக்கப்பட்டது.

வேதவல்லி கட்டுரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாதத்துக்கு அடுத்து வாதம், நடுவில் ஓட்டை இல்லாமல் இருந்தது. ஒரு பெயரை வைக்க அதில் எங்கும் இடமில்லை. முடித்துவிட்டேன் என்று கௌஷிக்குக்குச் செய்தி அனுப்பினாள்.

அவன் டாகுமெண்டுக்குள் வந்தான். அவன் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பச்சைக் கர்சர் கோடு வாக்கியங்களின்மேல் ஊர்ந்தது. தலைப்பைச் சுருக்கியது. முதல் வரிக்கு வந்து நின்று கண்சிமிட்டியது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எக்ஸும் ஒவ்வொன்றாக அழிந்தன. அந்த இடத்தில், ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாக, மூன்று என்று வந்தது. பச்சைக் கோடு ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அடுத்த வாக்கியத்துக்கு நகர்ந்து, அது நீளமாக இருந்ததால், இரண்டாக உடைத்தது.