ஒன்பது தட்டல்கள்

நிமலன் கனடாவுக்குப் போய் ஏழு வருடம். கலியாணம் முடித்த பிறகு பதினொரு மாதம்தான் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கிருசாந்தி இப்போதும் இறுப்பிட்டியில் அதே வீட்டில்தான், மாமியார் இலட்சுமிப்பிள்ளையுடன் இருக்கிறாள். அவள் மருத்துவமாது. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் புங்குடுதீவு முழுக்கக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய், பிறந்த பிள்ளைகளை நிறுத்து எடையை எழுதிவிட்டு மத்தியானம் கழியத்தான் திரும்புவாள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று புதிதாக ஊருக்கு வந்த யாராவது கேட்பார்கள். அவர் வெளிநாட்டில் என்று சொல்லிவிட்டு, தாய்க்கு இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

முதல் வருடம் தினமும் மணிக்கணக்காகப் பேசினார்கள். பிறகு பேச்சு வற்றியது. சாப்பிட்டாச்சா, குளிரா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி. அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் நிமலன் ஒரு விளையாட்டை அவளுடைய போனுக்கு அனுப்பினான். அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர். இவர்கள் அதைத் ‘தட்டல்’ என்றார்கள்.

பாட்டொன்று ஓடும். திரையில் மேலிருந்து வட்டங்கள் இறங்கிவரும். இடப்பக்கத்து வட்டங்கள் அவளுக்கு, வலப்பக்கத்தவை அவனுக்கு. கோட்டைத் தொடும் நொடியில் தட்ட வேண்டும். அவள் தவறவிட்டால் பாட்டில் கிற்றார் நின்றுவிடும். அவன் தவறவிட்டால் மேளம் நிற்கும். இருவரும் சரியாகத் தட்டினால்தான் பாட்டு முழுதாகக் கேட்கும். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் ரொறன்ரோவில் காலை ஏழரை. அவன் பேக்கரியில் இரவுவேலை முடித்து பஸ்ஸில் இருப்பான். வீட்டுக்குள் சிக்னல் வராததால் அவள் மொட்டைமாடிக்கு ஏறுவாள். இருபது நிமிடம், நாலு பாட்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதுமில்லை. ஆனால் மேளம் சோர்ந்து கேட்டால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இப்படி மூன்று வருடம் போனது. விளையாட்டு உலகமெல்லாம் பேர் எடுத்தது. அதைச் செய்த கம்பனிக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டாம் தட்டல், மூன்றாம் தட்டல், மேளத்துக்கு ஒன்று, பியானோவுக்கு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்று, பிளாஸ்ரிக் கிற்றாரோடு ரீவிக்கு ஒன்று என்று இரண்டு வருடத்துக்குள் ஒன்பது வந்தன. ஒன்றில் வாங்கிய பாட்டு மற்றதில் திறக்காது. விளையாடியவர்கள் ஒன்பது பக்கமாகப் பிரிந்தார்கள். கிருசாந்தியின் பழைய போனில் முதலாவது மட்டும்தான் ஓடியது.

நிமலன் இருந்த வீட்டில் வேறு மூன்று பெடியன்கள். அவர்கள் பிளாஸ்ரிக் கிற்றாரை வாங்கி ரீவியில் மாட்டினார்கள். நிமலனும் சேர்ந்துகொண்டான். பின்னேரம் ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் அவள் காத்திருந்த நாள்கள் கூடின. களைப்பு என்றான். பஸ் பிந்தியது என்றான். அவர்கள் விளையாடும் வீடியோவை ஒரு பெடியன் பேஸ்புக்கில் போட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“அந்தப் புதுசில நல்லாத் தட்டுறீங்களாம், என்ன?”

“சும்மா பெடியளோட. அது விளையாட்டுத்தானே, கிருசா. அதுக்கேன் கோவிக்கிறீர்?”

“எனக்கு அது விளையாட்டில்லை” என்றாள். பிறகு ஒரு கிழமை அவள் மாடிக்கு ஏறவில்லை.

எட்டாம் நாள் நிமலனிடமிருந்து செய்தி வந்தது. கம்பனி மூடப்போகிறதாம். ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப விற்றதில் சனம் சலித்துப்போய், கடைசியாக வந்த இரண்டையும் வாங்க ஆளில்லை. புதியது பழையது என்று பார்க்காமல் ஒன்பதையும் மாதமுடிவோடு நிறுத்துகிறார்கள். அந்த மாதத்தில் மிஞ்சியிருந்த பத்து நாளும் நிமலன் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தான். கடைசி நாள் மூன்று பாட்டுத் தட்டினார்கள். நாலாவது பாட்டின் நடுவில் திரை வெள்ளையாகி, நன்றி என்று ஆங்கிலத்தில் வந்தது. கிருசாந்தி போனைப் பிடித்தபடி நின்றாள். கீழே மாமியார் ஆட்டுக்குக் குழை போடும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் நிமலன் பேக்கரித் தொப்பியோடு பஸ்ஸில் இருந்தபடி வீடியோவில் அழைத்தான். விளையாட்டு இல்லாவிட்டால் என்ன, கையால் தட்டுவோம் என்றான். அவள் மாடியின் கட்டுச்சுவரில் தட்ட, அவன் பஸ் கதிரையில் தட்டினான். சரிவரவில்லை. அவன் தட்டுவது அவளுக்கு ஒரு நொடி பிந்திக் கேட்டது, அவள் தட்டுவது அவனுக்கும் அப்படியே. இத்தனை நாளும் கம்பனியின் மெஷின்கள்தான் அந்த நொடியை மறைத்திருக்கின்றன. இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தட்டவும் ஒன்றுமில்லை, வழமையான இருபது நிமிடம் அப்படியே மிச்சம் கிடந்தது.

“கிருசா, ஒண்டு சொல்லோணும்” என்றான் நிமலன். “என்ர கேஸ் போன வருசமே தள்ளுபடியாப் போச்சு. அப்பீல் போட்டிருக்கு. உமக்குச் சொல்லப் பயந்தனான்.”

அகதிக் கேஸ் முடிந்தால்தான் அவளைக் கூப்பிட முடியும் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். ஒரு வருடம் முழுக்க இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேளம் தட்டியிருக்கிறான். அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. தனக்கு வயது முப்பத்தாறு என்பதுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை பேருடைய பிள்ளைகளை அவள் தூக்கி எடை பார்த்திருப்பாள்.

“வெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ. தோத்தால் வாங்கோ” என்றாள். “ரெண்டுக்கும் நான் ஆயத்தம். இனி எனக்கு மறைக்காதேங்கோ. அதைமட்டும் என்னாலை தாங்க ஏலாது.”

நிமலன் ஓம், இனி மறைக்கமாட்டேன் என்றான். அந்த ஓமும் ஒரு நொடி பிந்தித்தான் வந்தது.

அப்பீல் விசாரணை தைக்கு வைக்கப்பட்டது, பிறகு சித்திரைக்குத் தள்ளிப்போனது. இதற்கிடையில் கிருசாந்தி ஒருநாள் லீவு எடுத்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க யாழ்ப்பாணம் போனாள். ஸ்ரூடியோவில் படம் பிடித்தவர் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னார். திரும்பிவரும்போது பஸ்ஸிலிருந்தே அந்தப் படத்தை நிமலனுக்கு அனுப்பினாள்.

பஸ் வேலணையைத் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது பதில் வந்தது.

‘காதுக்கு மேல நரைச்சிருக்கு. எனக்குத் தெரியாது.’

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். இரண்டு பக்கமும் கடல், கண்ணைக் கூசும் வெயில். நரைத்து மூன்று வருடமாகிவிட்டது என்று எழுதத் தொடங்கி, அழித்தாள். பிறகு உங்கள் படம் ஒன்று அனுப்புங்கோ, தொப்பியைக் கழற்றிப்போட்டு எடுங்கோ என்று எழுதி அனுப்பிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காக இருந்தாள்.