வாடகைக்குப் போன நாற்காலிகள்

சபிதா அடுக்களை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபிறகுதான் அதில் யாரை உட்காரவைப்பது என்று யோசித்தாள். வந்து நின்றவர்கள் ஏழு பேர். அவர்களில் பக்கத்து வீட்டு வாத்தியார் மூட்டுவலிக்காரர். அவர் முன்னால் ஸ்டூலை வைத்துவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே திரும்பினாள்.

ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சேதி கேட்ட அரைமணி நேரத்தில் அவள் அப்பா நாராயணபெருமாளின் வாடகைக் கடையிலிருந்து நாற்காலி போய் இறங்கிவிடும். யாரும் கேட்க வேண்டாம், வாடகையும் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரு ஜமுக்காளத்துக்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற மனுஷன், சாவு வீடு என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே டெம்போவில் ஏறிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இன்று விடியற்காலையில் காப்பி கேட்டார். காப்பி வருவதற்குள் போய்விட்டார். அவருடைய இருநூறு மடக்கு நாற்காலிகளும் நேற்றே கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்குப் போயிருந்தன. பதினொரு மணிக்கு அங்கே பேரூராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டம்.

கூட்டம் கடைவீதியைப் பற்றியது. வீதியின் இரண்டு பக்கமும் கடைகளை இடித்து அகலமாக்கி, கல் பாவி, வண்டி நுழையாத நடைவீதியாக்கப் போகிறார்களாம். சந்தை மைதானத்தையும் குளத்தங்கரையையும் சேர்த்துப் பெரிய பூங்கா, அதன் ஓரத்தில் கடைக்காரர்களுக்கு இரண்டு மாடி வணிக வளாகம். வட்டக்கோட்டை பார்க்க வருகிற கூட்டம் இங்கேயும் இறங்கும் என்றது ஒரு கட்சி. இறங்கி ஐஸ்கிரீம் தின்னும், நம்மிடம் ஆணியும் கயிறும் வாங்குமா என்றது இன்னொரு கட்சி. ஆறு மாதமாக ஊருக்கு இதே பேச்சுதான்.

நாராயணபெருமாள் பூங்காவுக்கு விரோதி அல்ல. பிள்ளைகளுக்கு ஓடி விளையாட ஓரிடம் வேண்டாமா என்பார். ஆனால் நாற்பத்திரண்டு கடைக்காரர்களும் கூடிப் பேசி முடிவு செய்யும்வரை ஒருத்தரும் ஒப்புதல் கடிதம் கொடுக்கக் கூடாது என்று வியாபாரிகள் சங்கத்தில் முதலில் எழுந்து சொன்னவர் அவர்தான். மூன்று வாரத்துக்கு முன் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒப்புதல் கடிதத்தின் நகலை ஒட்டினார்கள். ஒரே ஒரு கடிதம். அதன் அடியில் நாராயணபெருமாளின் கையெழுத்து இருந்தது. அன்றைக்கே சங்கம் கூடி, அவரோடு இனி யாரும் பேச்சுவார்த்தையோ நல்லது கெட்டதோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

டெம்போ வாசலில் வந்து நின்றது. கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் முருகதாஸ் இறங்கி வந்தார். சங்கச் செயலாளர் பொன்னுலிங்கத்துக்குச் சேதி சொல்லப் போனவர் அவர். எதிர்த்த கடைக்காரர் பொன்னுலிங்கம். அப்பாவோடு நாற்பது வருடப் பழக்கம்.

"பொன்னுலிங்கம் மாமாவப் பாத்தியளா?"

"பாத்தேன் மக்கா. சங்கம் எடுத்த முடிவ நான் ஒருத்தன் மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாரு. கண்ணு கலங்கித்தான் இருந்துது. ஆனா வரமாட்டாவ. ஒருத்தரும் வரமாட்டாவ."

அந்தக் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரன் செத்தால் அவன் பாடையைச் சொந்தபந்தம் தூக்காது. கடைக்காரர்கள்தான் தூக்குவார்கள். ஒவ்வொருவர் கடை வாசலிலும் தோள் மாற்றி வீதி முழுக்கக் கொண்டுபோவார்கள். நாராயணபெருமாள் அப்படித் தோள் கொடுக்காத சாவு அந்த வீதியில் இல்லை.

"அமரர் ஊர்திக்குச் சொல்லிருவோமா?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார். "நாகர்கோவில்ல இருந்து ஒரு மணி நேரத்துல வந்திரும்."

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா செல்லக்கனி அதைக் கேட்டுவிட்டாள். அதுவரை அவள் அழவே இல்லை.

"ஊருல உள்ளவனையெல்லாம் தோள்ல சொமந்த மனுசன். அவரு வண்டியில தனியா போணுமா? அப்படி என்ன செஞ்சிட்டாரு? ஒரு கையெழுத்துதான போட்டாரு."

அந்தக் கையெழுத்தைப் போட்டவள் சபிதாதான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே கடை ரசீதுகளில் அப்பா பெயரை அவள்தான் எழுதுவாள். அவருக்கு எழுதச் சோம்பல். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. போன மாதம், குறித்த தேதிக்குள் ஒப்புதல் கொடுத்தால்தான் புது வளாகத்தில் கீழ்த்தளம், மற்றவர்களுக்குக் குலுக்கலில் மாடி என்று அறிவிப்பு வந்தது. அப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிப்படி ஏறுவதை நினைத்தாள். கடைசி நாள் அலுவலகத்துக்குப் போய், அவர் பெயரில் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். கடிதம் ஏதோ ஒரு கோப்புக்குள் கிடக்கும் என்றுதான் நினைத்தாள். அதை நகலெடுத்துப் பலகையில் ஒட்டுவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அதன்பிறகு தினமும் சொல்லிவிட நினைத்தாள். தினமும் பயந்தாள். கூட்டுறவு வங்கியில் அவளுக்கு வேலையே கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான். அவளே கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்று வெளியே தெரிந்தால் அந்த வேலை நிற்காது. கணவனும் இல்லாமல், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு அவள் அந்தச் சம்பளத்தில்தான் நிமிர்ந்து நின்றாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை ஒட்டிய மறுநாளிலிருந்து காப்பியை பிளாஸ்கில் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் அவருக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று முருகதாஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆபீஸ்காரன் எவனோ செய்த வேலை என்று அப்பா நினைத்திருப்பார் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செருப்பை மாட்டினாள்.

"எங்கட்டி போற?" அம்மா கேட்டாள். "எழவு வீட்டு மக வாசல் தாண்டப்பிடாது."

"நாற்காலி எடுத்துட்டு வாரேன்மா."

மண்டபம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் 'நா.பெ.' என்று எழுதியிருந்தது. எல்லோரும் அவள் அப்பா பெயரில் சாய்ந்துகொண்டு காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் திட்ட அதிகாரி ஒருவர் பூங்காவின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் நீரூற்றும் படகுக் குழாமும் இருந்தன.

குளச்சலிலிருந்து வந்து சந்தையில் மீன் விற்கும் ரீத்தா எழுந்து, "இந்தப் படத்துல மீன் விக்கிறவ எங்க இருப்பா சார்? கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டாள். சிரிப்பு எழுந்தது. ஒரு இளைஞன் எழுந்து, சாயங்காலம் போய் உட்கார ஊரில் ஓரிடம் உண்டா, எதையும் செய்யவே கூடாதா என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது.

சபிதா நடுவழியாக நடந்து போனாள். முடி கலைந்து, முந்தின நாள் புடவையோடு அவள் வருவதைப் பார்த்துப் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. முன்வரிசையில் இருந்த பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, உங்க கருத்தைப் பதிவு செய்யணுமா?" என்று அதிகாரி மைக்கை நீட்டினார்.

"கருத்து இல்ல சார். நாற்காலி வேணும். எங்க அப்பா இறந்துட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்காலியை எடுத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார ஆள் வராது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பலகையில ஒட்டியிருக்க கடுதாசியில அப்பா கையெழுத்துப் போடல. நான் போட்டேன். அவருக்குத் தெரியாம நான்தான் போட்டுக் குடுத்தேன். அவரு உங்களுக்கு ஒரு துரோகமும் செய்யல."

பின்னாலிருந்து ஒருவர், "இப்ப வந்து சொல்லுகா" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இது சாதாரண விஷயமில்லைம்மா. எழுத்துமூலமா கொடுக்கணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கூட்டுறவு வங்கியில கிளார்க்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

"எழுதித் தாரேன் சார். இன்னைக்கு மட்டும் விடுங்க. மூணு மணிக்கு எடுக்கணும்."

பொன்னுலிங்கம் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கினார். அந்த இரும்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே அவளைக் கடந்து வெளியே போனார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு நாற்காலி மடங்கியது. அப்புறம் நாலைந்து சேர்ந்து மடங்கின. எல்லோரும் எழவில்லை. சிலர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். அவளைக் கூட்டிவந்த முருகதாஸ் வாசலில் டெம்போவின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தரும் அதில் ஏற்றவில்லை. இடிப்பதற்காகச் சிவப்புக் கோடு போட்டிருந்த கடைகளைத் தாண்டி, ஆளுக்கொரு நாற்காலியோடு வீதி வழியே நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

முற்றத்தில் நாற்காலிகளை விரித்து உட்கார்ந்தார்கள். யாரும் சபிதாவிடம் பேசவில்லை. அம்மாவுக்கும் அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் சபிதாவை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூங்கில் வந்து, பாடை கட்டி முடிகிற நேரத்தில் பொன்னுலிங்கம் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பலகையில பாத்த அன்னைக்கே நான் நேரா கடைக்குப் போனேன். 'நீருதான் போட்டீராவே'ன்னு கேட்டேன்." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "'ஆமாவே, நான்தான் போட்டேன், அதுக்கென்ன இப்போ'ன்னாரு. எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு."

சபிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அவருகிட்ட சொல்லல மாமா."

"நீ என்னத்துக்குச் சொல்லணும்? அவரு கையெழுத்த அவரப்போல போட ஊருல வேற யாரு இருக்கா." அவர் துண்டைக் கையில் முறுக்கினார். "இருபத்தோரு நாளு. எதிர்த்த கடையில இருந்துக்கிட்டு அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை பேசல நான்."

அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"வாய்க்கரிசி போட மக வரட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குளிப்பாட்டி, புது வேட்டி உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வைத்திருந்தார்கள். அம்மா தட்டை நீட்டினாள். சபிதா குனிந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள். இறுக மூடியிருந்த உதட்டில் அரிசி நிற்கவில்லை. கன்னத்தில் இறங்கிக் காதோரம் சிதறியது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.