தண்ணீர் இல்லாத சாணை

விடியும் முன்பே நகைக்கல் தேய்க்கும் கொட்டகையில் சாணைச் சக்கரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டிய சிவப்புக் கல்லைச் சக்கரத்தில் அழுத்தினாள் அக்கா. கொட்டகையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவசரமாக இருமிக்கொண்டாள்.

அங்கே இருமுவதற்கும் தொழில் பழக வேண்டும். கல் சக்கரத்தில் படும்போது மட்டும் இருமலாம். வெளியே கேட்டால் வேலை போய்விடும். அவள் கணவருக்கு அப்படித்தான் போனது. இப்போது வீட்டில் உலை கொதிப்பது இவள் கையால்.

அட்டிகைக்கும் தோட்டுக்கும் கல் தேய்த்த காலத்தில் சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தூசி சேறாக வழிந்துவிடும். இப்போது மெல்லிய கம்பியில் கோக்கும் மங்கல் கற்கள்தான் நாகரிகமாம். ஈரக் கல்லில் மங்கல் தெரியாது, துடைத்துப் பார்ப்பதில் நேரம் போகிறது என்று முதலாளி குழாயை அடைத்துவிட்டார்.

அன்று எதிர்ச் சக்கரத்தில் இருந்த நெட்டையன் கல்லைத் தூக்கிப் பார்த்த நேரத்தில் இருமிவிட்டான். முதலாளி மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

“நெட்டையா, கெளம்பு. சீக்காளிய வச்சுக்க நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன்?”

“தூசிதான் மொதலாளி. தண்ணி விட்டா சரியாயிரும்.”

“வீட்லேருந்து கொண்டுவந்த சீக்குக்கு என்மேல பழியா?”

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

சக்கரங்கள் நின்ற கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. அக்காவுக்கு நெஞ்சு கமறியது. வாயை இறுக மூடிக்கொண்டாள். முடியவில்லை, இருமிவிட்டாள்.

முதலாளி திரும்புவதற்குள் மூலையில் ஒருத்தி இருமினாள். பிறகு கல்லில் துளை போடுகிறவர். பிறகு யார் யாரென்று பிரிக்க முடியவில்லை. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் மறைத்துவைத்தது எல்லோருக்கும் இருந்திருக்கிறது. திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இப்ப யாரை அனுப்பப் போறீங்க?” என்றாள் அக்கா.

“எல்லாரையும்தான்! வாசல்ல ஆள் காத்துக் கெடக்கு. மோட்டாரைப் போடுடா!”

சக்கரங்கள் சுற்றின. ஒருவரும் கல்லை எடுக்கவில்லை. அக்கா எழுந்துபோய் நெட்டையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

முதலாளி கைதட்டி, வாசலில் வேலைக்கு நின்ற ஒருவனை உள்ளே கூப்பிட்டார்.

“வா தம்பி. ஆனா தண்ணி வர்ற வரைக்கும் கல்லைத் தொடாதே. எங்க நெஞ்சப் பாரு, உன் நெஞ்சையும் நெனச்சுக்க” என்றாள் அக்கா.

அவன் முதலாளியைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அவர்களோடு வந்து உட்கார்ந்தான்.

“ஆளுங்களத் தடியோட வரச் சொல்லு” என்று கைப்பேசியில் கத்திக்கொண்டே முதலாளி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே தாழ் விழுந்தது.

“பயமா இருக்கா தம்பி?”

“இருக்குக்கா.”

“எனக்குந்தான். நெருங்கி உக்காரு.”