சாம்பல் பெட்டி

யாரேமாவின் இடுப்பில் தொங்கிய ரேடியோவில், முன்வரிசைப் பதுங்குகுழியிலிருந்து லாவ்ரின் திட்டிக்கொண்டே இருந்தான். அதைக் கேட்டுக்கொண்டே தெமித் நிலவறையின் மரமூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தான். அடித்தவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். தெமித் ஒடெசாக்காரன். சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வரும் வாய் அவனுக்கு. அந்த வாய் மூடிக்கொண்டதைப் பார்த்ததும் யாரேமா மூடியருகே ஓடிவந்தான்.

எட்டிப் பார்த்தான். உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் தன் கையாலேயே ஒளித்துவைத்த சாம்பல் நிறப் பெட்டிகளுக்குள் எலி புகுந்திருந்தது. எறிகணைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பை எலி என்ன செய்யும்? ஆனால் எறிகணையின் வாலில் கட்டுகிற வெடிமருந்துப் பைகள், குழாயிலிருந்து அதை உதைத்துப் பறக்கவைக்கிற அந்தச் சின்னத் துணிப் பைகள், நார் நாராகக் கிழிந்து கூடாகியிருந்தன. ஒரு கூட்டில் கண் திறக்காத குஞ்சுகள் இளஞ்சிவப்பாக நெளிந்தன. கொட்டிய மருந்து ஈரமண்ணில் ஊறிக் கிடந்தது.

"மகப்பேறு ஆஸ்பத்திரி நடத்தியிருக்கோம்ணே," என்றான் தெமித், கடைசியில்.

தொனெட்ஸ்க் பக்கத்து மரவரிசைகளில் இருக்கும் எறிகணைக் குழாய்க்காரர்கள் எல்லோரும் நல்ல சரக்கை ஒளித்துவைப்பார்கள். மேலே உள்ளவர்களுக்குத் தெரிந்தால், எவன் கையில் இருக்கிறதோ அவனிடமிருந்து பிடுங்கி, இல்லாதவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால் போர் எல்லோருக்கும் பொது என்பார்கள். யாரேமாவும் வெளிநாட்டிலிருந்து வந்த சாம்பல் பெட்டிகளைத் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி, இடிந்த வீட்டின் நிலவறைக்குள் இறக்கியிருந்தான். குழிக்குள் வைத்தால் ட்ரோன் பார்க்கும், தார்ப்பாய்க்கு அடியில் வைத்தால் மேஜர் பார்ப்பார். எலியை அவன் நினைக்கவே இல்லை. இத்தனைக்கும் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற பைக்குள் எலி, ரொட்டிக்குள் எலி, பன்றிக்கொழுப்பு சுற்றிய தாளுக்குள் எலி என்று அதுகளோடுதான் குடித்தனம்.

மேஜர் அனுப்பிய பச்சைப் பெட்டிகள் குழாய்க்குப் பக்கத்திலேயே அடுக்கிக் கிடந்தன. உள்ளூரில் எங்கோ அவசர அவசரமாகச் செய்த சரக்கு. ஒன்று வெடிக்கும், ஒன்று சேற்றில் சொருகிக்கொண்டு சும்மா நிற்கும், ஒன்று பாதி வழியிலேயே விழும். அப்படி யாரேமா போட்டுப் பாதி வழியில் விழுந்த ஒன்றுதான் முன்வரிசைப் பதுங்குகுழியில் இருந்த ஸக்காரைக் கொன்றது. ஸக்கார் லாவ்ரினின் தங்கை புருஷன். அதற்குப் பிறகு, பச்சையைத் தொடக் கூடாது, சோதனைக்கு ஆள் வருவார்கள் என்று உத்தரவு வந்தது. ஆளும் வரவில்லை, மாற்றுச் சரக்கும் வரவில்லை. சரக்கு வண்டி வருகிற சாலையில் முந்தின வண்டி எரிந்த எலும்புக்கூடாக நின்றுகொண்டிருந்தது.

லாவ்ரின் மட்டும் வந்தான். முன்வரிசையில் ஆள் மாற்றி ஓய்வுக்கு வந்த அன்று, குளியல் லாரிக்கு முன்னால் துண்டோடு நின்ற யாரேமாவின் வாயிலேயே குத்தினான். முன்பல் ஒன்று போனது. சுற்றி நின்றவர்களில் ஒருவன்கூடப் பிடித்து இழுக்கவில்லை. குண்டு செய்தவனை விட்டுவிட்டுப் போட்டவனை அடிக்கிறாயே என்று யாரேமா கேட்டதற்கு, செய்தவன் முகம் எனக்குத் தெரியாது, உன் முகம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து படுக்கும்போதெல்லாம் நாக்கு பல்லிடுக்கைத் துழாவும், மனம் வேறொன்றைத் துழாவும். இன்னொரு பச்சை, இன்னொரு முறை, பாதி வழியில், லாவ்ரின் இருக்கும் அதே குழியில் விழுந்தால் என்ன? குழாயின் சாய்வை மாற்றுகிற கைப்பிடியைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றினால் போதும். யார் கண்டுபிடிப்பார்கள்? சரக்கு அப்படி என்பார்கள். வின்னித்ஸியாவில் பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு நாயைக்கூட அவன் ஏற்றிக் கொன்றதில்லை. ஆனாலும் அந்த நினைப்பு வரும், வந்தால் இனிக்கும், இனித்தபடியே தூங்கிப்போவான்.

இப்போது வெளியே கையை நீட்டினால் கை தெரியாத பனி. ட்ரோன்கள் குருடாகிக் கிடந்தன, நம்முடையவையும் அவர்களுடையவையும். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல எதிரிகள் கிளம்பியிருந்தார்கள்.

ரேடியோவில் பெயர் சொல்லக் கூடாது. லாவ்ரினுக்கு அங்கே 'ஆணி'. நடையைப் பார்த்து யாரேமாவுக்கு வைத்தது 'வாத்து'.

"யோவ் வாத்து, பூட்ஸ் சத்தம் கேக்குதுய்யா. நாங்க மூணு பேர்தான் இருக்கோம். பச்சையப் போட்டேன்னு வையி, செத்தும் வந்து உன்னப் பிடிப்பேன். ஒளிச்சு வெச்சிருக்கல்ல, அத எடு. எல்லாக் குழாய்க்காரனும் வெச்சிருப்பான், எனக்குத் தெரியாதா?"

யாரேமா பொத்தானை அழுத்தினான். பொய் சொல்ல நேரமில்லை. எறிகணை நல்லது இருக்கிறது, மருந்துப் பைகளை எலி தின்றுவிட்டது, பச்சைப் பெட்டியின் பைகளை எடுத்து அதில் கட்டப்போகிறேன், எவ்வளவு தூரம் போகும் என்று எந்த அட்டவணையிலும் கிடையாது என்று சொன்னான்.

மறுமுனையில் லாவ்ரின் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"மேஜருக்குத் தெரியாம ஒளிச்சு, எலிக்கு விருந்து வெச்சிருக்க. கட்டுய்யா, கட்டு."

தெமித் அதற்குள் பச்சைப் பெட்டியை உடைத்துப் பைகளை எடுத்திருந்தான். கழுதைக்குக் குதிரைவால் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, சாம்பல் நிற எறிகணைகளின் வாலில் ஒவ்வொன்றாக நூலால் இறுக்கினான். மேஜருக்குச் சொல்ல வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டான். யாரேமா அடுத்த எறிகணையை எடுத்து அவன் கையில் கொடுத்தான். இரண்டாவது தடவை தெமித் கேட்கவில்லை.

முதல் எறிகணையை வேண்டுமென்றே தூரத்துக்கு வைத்தான் யாரேமா. குறைந்து விழுந்தாலும் நம் ஆட்களைத் தொடாத தூரம். குழாய் அதிர்ந்தது. பனிக்குள் போனது போனதுதான். வெகு நேரம் கழித்து எங்கோ பானை உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

"அது எங்கயோ வயல்ல விழுந்துச்சு. காக்காவ விரட்டுறியா? கிட்ட கொண்டா."

பார்க்கக் கண் இல்லாததால் லாவ்ரினின் காதுதான் கண். இரண்டாவதைக் கிட்டே கொண்டுவந்தான். இன்னும் கிட்டே என்றான் லாவ்ரின். மூன்றாவது சரியாகப் போயிருக்கும் என்று யாரேமா நினைத்தான். அதுவோ இரண்டாவதைவிடத் தள்ளிப்போய் விழுந்தது. ஒரே அளவு மருந்து, ஒரே மாதிரி எறிகணை, ஆனாலும் ஒன்றைப் போல் ஒன்று போகவில்லை. இனிக் கிட்டே கொண்டுவருவது சூதாட்டம்.

ரேடியோவில் இப்போது துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்து வந்தது. யாரோ ஒருவன் இடைவிடாமல் ஒரே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"முன்னால இருக்கிற ஓடைக்குள்ள இறங்கிட்டானுங்க," என்றான் லாவ்ரின். குரலில் திட்டு இல்லை. "ஓடையில போடு."

ஓடைக்கும் லாவ்ரினின் குழிக்கும் நடுவே ஒரு வீட்டுக் கொல்லை அளவுதான் இடைவெளி. யாரேமாவுக்குத் தெரியும். ஸக்கார் செத்த அன்றும் குறிவைத்தது அந்த ஓடையைத்தான்.

"ஓடையில போட்டா உங்க மேலயும் விழும். பின்னால வாங்க, போடுறேன்."

"பின்னால வர வழி இல்ல. குழிக்குள்ள படுத்துக்கிறோம். போடு."

"ஆணி, நான் சொல்றது..."

"உன் பல்ல உடைச்சவன் கேக்குறேன்யா. வேற எவனாவது கேட்டா யோசிப்ப. என் தலையில போட உனக்கென்ன யோசனை?"

யாரேமா கைப்பிடியைப் பிடித்தான். படுக்கையில் கிடந்து எத்தனையோ தடவை மனசுக்குள் சுழற்றிப் பழகிய அதே சுழற்று. எவ்வளவு சுழற்ற வேண்டும் என்று கைக்கு முன்பே தெரிந்திருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. இந்தக் கை இப்போது எதற்காகச் சுழற்றுகிறது என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூரம் ஒரு மயிரிழை கூடினால் ஓடைக்கு அந்தப் பக்கம் வீணாகும், ஒரு மயிரிழை குறைந்தால் மூன்று பேர். நடுவில் நிறுத்துவதற்குக் கையைத்தான் நம்ப வேண்டும். கையையோ அவன் நம்பவில்லை. தெமித்திடம் சுழற்றச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தெமித் எறிகணையைக் குழாய் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் குளியல் லாரிக்கு முன்னால் நின்றவன்தான்.

யாரேமா சுழற்றினான். நிறுத்தினான். மறுபடியும் ஒரு துளி பின்னால் திருப்பினான்.

"தலையக் கவுத்துப் படுங்கடா," என்று ரேடியோவில் சொன்னான். பிறகு தெமித்தைப் பார்த்துத் தலையசைத்தான்.

எறிகணை குழாய்க்குள் வழுக்கி இறங்கியது; அடியில் தட்டியதும் வானம் இடிந்தது. காது அடைத்து, மெதுவாகத் திறந்தது. தெமித் அடுத்ததை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். போடுவதா வைப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். குழாய் வாயிலிருந்து கிளம்பிய புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு பனியாகப் பரவி, இருவருடைய முழங்காலையும் மூடி, இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்குள்ளிருந்து ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது; ஆணியின் குரல் மட்டும் இன்னும் வரவில்லை.