அச்சு அசலாக ஒரு திரை

“சும்மா குடுத்தாலும் எவனும் சீண்ட மாட்டேங்கிறான். இதுல உனக்கு நியாயம் ஒண்ணுதான் குறைச்சல்.”

“நீயும்தான் சும்மா குடுக்கறே. ஆனா அது அடுத்தவன் பொருள், அண்ணா.”

நான் மாடியில் காய்ந்த துணியையே மறுபடி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அண்ணன் தம்பிக்கு ஒட்டின சுவர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கடை. பெரியவன், கம்ப்யூட்டரை ஓட்டுகிற பெரிய கம்பெனிச் சிஸ்டத்தை ஒரே திருட்டு சி.டி.யிலிருந்து ஊருக்கே ஏற்றிவிட்டவன். சின்னவனோ, யார் யாரோ சேர்ந்து எழுதி உலகத்துக்கே இனாமாக விட்ட சிஸ்டத்தைத்தான் ஏற்றுவேன் என்று நின்றான். இரண்டு கடையிலும் ஏற்றும் கூலி ஒன்றுதான். அப்புறம் எவன் பழகாததைத் தொடுவான்?

பெரியவன் மனைவி வெளியே வந்தாள். “தம்பி, கடை ஓடினாத்தான் பொண்ணுன்னு எங்கப்பா சொல்லிட்டார். நான் எவ்வளவுதான் தாங்கிப் பேசறது?”

அவள் தங்கைக்கும் சின்னவனுக்கும் பார்வையிலேயே நிச்சயமாகிவிட்டது. தெருவில் அதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

அப்புறம்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம். தன் இனாம் சிஸ்டத்துக்குக் கம்பெனிச் சிஸ்டத்தின் வேஷத்தையே கட்டிவிட்டான். அதே படம், மூலையில் அதே பட்டன், திறந்தால் அதே சத்தம். ஜனம் வரத் தொடங்கியது.

“கடைசியில அண்ணன் வழிக்கே வந்தாச்சா?” என்றார் ஸ்டேஷனரிக் கடைக்காரர். அவன் இல்லையென்று சொல்லவில்லை. சிரித்து வைத்தான்.

கம்பெனி ஆட்கள் போலீஸோடு சோதனைக்கு வந்த அன்று பெரியவன் கடையில் பூட்டு. சின்னவன் கடைத் திரையை வாசலிலிருந்தே பார்த்தார்கள்.

“பாக்கத்தான் சார் அப்படி. உள்ள வேற.”

“அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு.”

ரிப்பேருக்கு வந்தவையும் சேர்த்து எல்லாம் வண்டியில் ஏறின. கம்ப்யூட்டரைப் பறிகொடுத்தவர்கள் வாசலில் நின்று அவனைத் திருடன் என்றார்கள்.

“சோதனை வருதுன்னு உனக்குத் தெரியுமாண்ணா?”

“சப்ளையர் சொன்னான். உனக்கென்னடா பயம், உன்னோடது சுத்தமான சரக்காச்சேன்னு விட்டுட்டேன்.”

குற்றமில்லை என்று தீர்ப்பாகி மெஷின்கள் திரும்பியபோது அவற்றில் எலி குடியிருந்தது. கடை எப்போதோ போய்விட்டது. பெரியவனுக்கோ கம்பெனியே ஏஜென்சி கொடுத்து, பளபளவென்று போர்டும் மாட்டிவிட்டது.

தங்கையை மருந்து மொத்த வியாபாரி ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்காரரின் பரிசு ஒரு கம்ப்யூட்டர். மேலே ஒரிஜினல் ஸ்டிக்கர், உள்ளே அதே பழைய சி.டி. ஏற்றும்போது கண்ணால் பார்த்தேன். சின்னவன் அந்தக் கல்யாணத்துக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டான். எங்கேயோ ஒரு ஆபீஸில் பிரிண்டர் பார்த்துக்கொள்கிறானாம், இன்னும் தனி ஆள்தானாம். அண்ணிக்கு மட்டும் எப்போதாவது போன் வரும். தங்கையைப் பற்றி அவனும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.