இரவல் நாய்

அக்டோபரில் பள்ளிச் சிற்றாலயத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆசீர்வாதம் நடக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு போக லட்லோவுக்கு மனம் வரவில்லை. கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தோடு அனுப்ப, தங்களைப் பற்றிய கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. "இல்லாததை இருக்கிறதா எழுதாதீங்க" என்று வருஷம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துகிற அந்த மகான், பெற்றோர் கண்ணுக்கு அன்பான மனிதராகத் தெரியவேண்டும் என்று பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். இந்த அழகுக்குப் புதுக் கழுத்துப்பட்டை வேறு.

பள்ளியின் பாதிரியார் ஹார்குரோவ் அம்மா, புனித நீர்க் கிண்ணத்தோடு வந்தார். "செல்லத்துக்குப் பேர் என்ன?"

நாயைக் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

"மேக்ஸ்" என்றார் துணிந்து. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால், கையில் ஆமையோடு நின்ற மாணவி கோரின், "டெய்சி!" என்றாள். வால் சுழன்றது.

"நான்தான் சார் இவளை சாயங்காலம் நடக்கக் கூட்டிட்டுப் போவேன்" என்றாள். "நேத்து என் கட்டுரையில ஒரு பத்தியை அடிச்சுட்டு, 'இது நீ இல்லை'ன்னு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா?"

லட்லோவின் முகம் காது மடல் வரை சிவந்தது. ஹார்குரோவ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு நாயின் நெற்றியில் விரல் நுனியால் நீரைத் தெளித்தார்.

"டெய்சிக்கு ஒரு துளி போதும்" என்றார், கிண்ணத்தைத் தூக்கியபடி. "மிச்சம் உங்களுக்கு."

லட்லோ தலையைத் தாழ்த்திக் காட்டினார்.