உள்ளூர்க்காரனுக்கு ஒரு மேசை

ஃபோர்த்தின் செகோ என்கிற பட்டாளத்து ஊரில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. கோர்தோபா மாநிலத்திலிருந்து வந்தவன் கோர்தோபாக்காரன், மென்தோசாவிலிருந்து வந்தவன் மென்தோசாக்காரன், அவ்வளவுதான். பேரைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல் உத்தரவு வரும், வாசலில் லாரி நிற்கும், கட்டிலும் அடுப்பும் ஏறும். அடுத்த வாரமே அந்த வீட்டில் இன்னொரு கோர்தோபாக்காரன் குடியிருப்பான். பட்டாளம் இருக்கிற வரைக்கும் இந்த ஊரில் கோர்தோபாக்காரனுக்குப் பஞ்சமே வராது.

அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில், பாட்டகோனியாக் காற்று ஓயாமல் அறைகிற இடத்தில் ஊர். தெருக்களுக்கெல்லாம் வேறு மாநிலங்களின் பேர். பிள்ளைத்தாய்ச்சிகள் ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்கு ரயிலேறிவிடுவார்கள், தப்பித்தவறிக்கூட இங்கே பெற்றுவிடக் கூடாது என்று. உள்ளூர்க் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும்போதுகூட ஜனங்கள் எதிரணிக்குத்தான் கைதட்டுவார்கள், எதிரணியில் அவர்கள் மாநிலத்துப் பையன் எவனாவது இருப்பான். இப்படி ஒரு ஊர். இதற்கென்று ஒரு பலகாரம் கிடையாது, ஒரு பாட்டு கிடையாது, திட்டுவதற்கு ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொந்தமாகக் கிடையாது. எல்லாம் இரவல்.

இந்த ஊரில் முடிவெட்டுகிறவன் எலாடியோ. வயது அறுபதைத் தொட்டாயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, அவன் மனசு வைத்த பெண்களெல்லாம் யாராவது ஒரு சார்ஜென்ட்டின் மகளாக இருந்தார்கள், லாரி வந்ததும் போய்விட்டார்கள்.

அவனுக்கு ஒரு விசித்திரமான நாக்கு. நாற்காலியில் யார் உட்கார்கிறார்களோ அவர்கள் பேச்சு தானாக வாயில் வந்துவிடும். கோர்தோபாக்காரன் உட்கார்ந்தால் இவனும் சொல்லின் நடுவைப் பிடித்து இழுஇழு என்று இழுப்பான். மென்தோசாக்காரன் வந்தால் ரகரம் வருகிற இடத்திலெல்லாம் சீறுவான். கொரியெந்தெஸ்காரன் வந்துவிட்டாலோ, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தலையை அண்ணாந்து அந்த ஊர்க் கூவலை நீளமாகக் கூவுவான். வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். சின்ன வயதிலேயே அம்மா அப்பாவைப் பறிகொடுத்து, பட்டாளத்துச் சமையலறையில் பத்துப் பேர் கையில் வளர்ந்த பிள்ளை. யார் சோறு போட்டார்களோ அவர்கள் பாஷை ஒட்டிக்கொண்டது. சோறும் நின்று பல வருஷம் ஆயிற்று, நாக்குதான் நிற்கவில்லை.

விளைவு என்ன என்றால், எல்லோரும் அவனைத் தங்கள் ஊர்க்காரன் என்றே நம்பிவிட்டார்கள்.

"அண்ணே, மென்தோசாவுல நீங்க எந்தப் பக்கம்?" என்று எவனாவது கேட்பான்.

"தலைய அசைக்காத தம்பி, காது போயிடும்" என்பான் எலாடியோ. அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கடையில் ஒரு நாய். தூக்குமான் மாநிலத்துக் குடும்பம் ஒன்று மாற்றலாகிப் போகும்போது லாரியில் இடமில்லை என்று விட்டுப்போனது. பேர் சார்ஜென்ட். எலாடியோ அதனோடு தூக்குமான் பேச்சில்தான் பேசுவான். அவன் எந்தப் பேச்சுக்குத் தாவினாலும் அது காதைக்கூட அசைக்காது, எல்லாம் அவன்தான் என்று அதற்குத் தெரியும். வெளியாள் குரல் கேட்டால் மட்டும் படக்கென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கும்.

கதை ரோசெந்தாவால் வந்தது. வடக்கே, வெயில் மண்டையைப் பிளக்கிற சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாநிலத்துக்காரி. புருஷன் கார்ப்பரலாக இருந்து இங்கேயே மாரடைப்பில் போனான். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டாள். சாயங்காலங்களில் கடைக்கு வருவாள். வெந்நீர்க் குடுவையும் மாத்தே என்கிற இலைக் கஷாயம் குடிக்கிற சுரைக்குடுக்கையும் கையோடு கொண்டுவருவாள். ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சிக்கொண்டு பேசுவார்கள். அவள் மெதுவாகத்தான் பேசுவாள், உச்சி வெயிலில் நடக்கிறவள் மாதிரி. ஸகரம் ஒன்றைக்கூட விழுங்கமாட்டாள். எலாடியோவும் அப்படியே பேசுவான்.

"முற்றத்துல கட்டில் போட்டுத் தூங்குவோமே, ஞாபகம் இருக்கா?" என்பாள்.

"மறக்குமா அது" என்பான். அவன் வாழ்க்கையில் வெட்டவெளியில் தூங்கியதே இல்லை. இந்த ஊரில் அப்படித் தூங்கினால் காலையில் விறைத்துத்தான் கிடக்க வேண்டும். ஆனால் அவள் சொல்லச் சொல்ல அந்த முற்றமும் கருவேல மரமும் நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் வந்தன. அவன் என்ன செய்வான்?

ஒரு வருஷம் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. ஒரு சாயங்காலம் குடுக்கையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நான் கிளம்பறேன் எலாடியோ. பட்டாள விருந்து முடிஞ்ச திங்கக்கெழமை பஸ்ஸு. நீயும் வந்துடேன். உனக்கு இங்க யார் இருக்கா? நம்ம ஊருக்கே போயிடலாம்."

நம்ம ஊர்! இத்தனை வயதுக்கு அவனை யாரும் கூட வா என்று கூப்பிட்டதில்லை. எல்லோரும் போய்வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"வரேன்" என்றான்.

ராத்திரியெல்லாம் மனசு உறுத்தியது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான், தினமும் அவள் வந்தாள், தினமும் வாயைத் திறந்தால் சாந்தியாகோ பேச்சு வந்தது. அந்தப் பேச்சில் போய் நான் சாந்தியாகோக்காரன் இல்லை என்று எப்படிச் சொல்வது? விருந்தன்று சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டான்.

பட்டாள விருந்து என்றால் உடற்பயிற்சிக் கூடத்தில் மாநிலத்துக்கு ஒரு மேசை. அவரவர் கொடி, அவரவர் எம்பனாடா. அந்த இறைச்சிப் பலகாரத்துக்காக இவர்கள் போடுகிற சண்டை எந்தப் போரிலும் போட்டதில்லை. உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா என்று சால்த்தாக்காரனும் தூக்குமான்காரனும் சட்டையைப் பிடிப்பார்கள். மேலே சர்க்கரை தூவுகிற கோர்தோபாக்காரனைப் பார்த்து இரண்டு பேருமே துப்புவார்கள். எலாடியோ மட்டும் வருஷா வருஷம் ஒவ்வொரு மேசையாகப் போய், எல்லாவற்றையும் தின்று, எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு வருவான். கூட்டத்தில் யார் கவனிக்கிறார்கள்?

அந்த வருஷம் புதுக் கர்னலின் மனைவி மிர்த்தா வந்திருந்தாள். தலைநகரத்துக்காரி. எதையும் அணிவகுப்பாக்காமல் விடமாட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மேசை மேசையா போட்டோ எடுக்கப்போறோம்! அவங்கவங்க மேசையில உக்காருங்க! நடுவுல ஒருத்தர் நிக்கக் கூடாது!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் கையில் தட்டோடு ஒருத்தன் நின்றான்.

"அண்ணே, இங்க வாங்க!" என்று கோர்தோபா மேசை கத்தியது.

"அங்க எதுக்கு? அவரு எங்க ஆளு!" என்றது மென்தோசா.

"யாருடா உங்க ஆளு? அவர் கூவறதக் கேட்டிருக்கியா நீ?" என்று கொரியெந்தெஸ்காரன் எழுந்தே விட்டான். சாந்தியாகோ மேசையில் ரோசெந்தா பக்கத்து நாற்காலியைத் தட்டி, வா என்று சிரித்தாள்.

மிர்த்தா மைக்கோடு அவனிடம் வந்தாள். "என்னங்க இது, நாலு மேசை கூப்பிடுது. நீங்க எந்த மாநிலம்?"

"இந்த ஊர்தான் மேடம்."

"இப்ப இருக்கறது இந்த ஊர். பொறந்தது எங்கன்னு கேக்கறேன்."

"பொறந்ததும் இங்கதான். குதிரை லாயத்துக்குப் பின்னாடி. பனியில ரயில் நின்னுபோச்சு, அம்மாவால போக முடியல."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஃபோர்த்தின் செகோவில் பிறந்தவனாம்! அப்புறம் கோர்தோபாக்காரன் சிரிப்பதை நிறுத்திவிட்டு விரலை நீட்டினான்.

"ஏய், கவனிச்சீங்களா? மேடம்கிட்ட பேசும்போது தலைநகரத்துக்காரன் மாதிரியே பேசறான்!"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அடப்பாவி! மென்தோசாக்காரனக் கிண்டல் பண்ற ஜோக்கையெல்லாம் நம்பி உங்கிட்ட சொன்னேனேடா" என்று கோர்தோபாக்காரன் புலம்பினான். "எங்கிட்ட கோர்தோபாக்காரன் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிச்சானே" என்றான் மென்தோசாக்காரன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இரண்டு மேசையும் ஒன்று சேர்ந்தன. எலாடியோ ரோசெந்தாவைப் பார்த்தான். தட்டிக்கொண்டிருந்த அவள் கை நாற்காலி மேலேயே நின்றுபோயிருந்தது.

ஒழுங்கு என்றால் ஒழுங்கு. மிர்த்தா ஓர் ஓரமாகத் தனி மேசை போடச் சொன்னாள். கொடி இல்லை. பலகாரம் இல்லை. போட்டோவில் காலியாகத் தெரியக் கூடாதென்று சமையலறையிலிருந்து ஒரு கெட்டில் பட்டாள டீயும் கல் மாதிரி ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். எலாடியோ உட்கார்ந்தான். போட்டோ எடுத்தார்கள். ஃபோர்த்தின் செகோ மாநிலமே அந்தப் போட்டோவில் இருக்கிறது, கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு.

ஆட்டமும் பாட்டமும் ஆரம்பித்த பிறகு ரோசெந்தா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்காகிட்ட முற்றத்துல ரெண்டு கட்டில் போடச் சொல்லிட்டேன்" என்றாள்.

"சொல்லணும்னு தினமும் நெனச்சேன் ரோசெந்தா."

"பொய் சொன்னதுக்காக எனக்குக் கோவமில்ல. எத்தனை வருஷம் உங்கிட்ட பேசியிருப்பேன்? எதிர்ல ஒரு ஆள் இருக்கான்னு நெனச்சேன். கிணத்துக்குள்ள பேசின மாதிரி என் குரலையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். தனியாத்தான் இருந்திருக்கேன் எலாடியோ, தெரியாம."

"நான் இருந்தேன். நெஜமா இருந்தேன்" என்றான். ஸகரம் ஒன்று விடாமல், உச்சி வெயிலில் நடக்கிறவன் மாதிரி.

அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "எனக்கு அங்கயும் பெருசா யாரும் இல்ல. அக்கா ஒருத்திதான், அவளுக்கும் காது கேக்கல. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன். ஆனா என் பேச்சுல சொல்லாத. உன் பேச்சுல சொல்லு."

எலாடியோ வாயைத் திறந்தான். "போகாதே" என்றான். சாந்தியாகோ. தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் சொன்னான். சாந்தியாகோ. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து மூன்றாம் தடவை சொன்னான். அவளே சொன்ன மாதிரி இருந்தது. எதிரில் அவள் முகம் இருக்கிற வரைக்கும் அவன் வாயில் வேறு என்ன வரும்?

ரோசெந்தா கையை நீட்டி, குழந்தை வாயை மூடுகிற மாதிரி அவன் வாய்மேல் வைத்தாள். "போதும் விடு" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவன் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. போனால் அவளைப் பார்ப்பான், பார்த்தால் மறுபடியும் அவள் பேச்சுதான் வரும். கடையைத் திறந்து, கத்தரிகளைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். யாரும் முடிவெட்ட வரவில்லை. விருந்துக்குப் பிறகு அவன் நாற்காலியில் உட்கார எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு தெருவே கிடையாது.

மத்தியானம் பஸ் வந்தது. ஜன்னல்களில் புழுதி அப்பிக்கிடந்தது, உள்ளே யாருடைய முகமும் தெரியவில்லை. கடையைத் தாண்டியது. ஊர் முகப்பில் நிறுத்தி வைத்திருக்கிற பழைய டாங்கியைச் சுற்றித் திரும்பியது. புழுதி அடங்கிற்று. தெருவில் ஓர் ஈ காக்காய் இல்லை, நாற்காலி காலி.

"போகாதே" என்றான் எலாடியோ.

இழுவை இல்லை, சீறல் இல்லை, ராகம் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, காற்றில் வறண்ட மாதிரி ஒரு குரல். அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு தடவை சொன்னான். அதே குரல்தான். இத்தனை வருஷம் எங்கே கிடந்தது இது?

சார்ஜென்ட் படக்கென்று தலையைத் தூக்கியது. எழுந்து நின்று, காதை விறைத்துக்கொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தது. எலாடியோவும் கையில் துணியோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.